தலைகீழாய்த் தொங்குகிறவன்

அத்தியாயம் 11

ஞாயிற்றுக்கிழமை மதியம் மகன் எலியோ சொன்னதை ஒர்சோலா இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. எதிர்வீட்டுத் தோழியிடம் சொல்லவில்லை. தேவாலயத்தில் பாதிரியாரிடம்கூடச் சொல்லவில்லை.

அன்று அவள் சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். மகன் பின்னால் வந்து நின்றான். துண்டை எடுத்து ஒரு தட்டைத் துடைத்தபடியே சொன்னான். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டோரா ஆற்றங்கரைச் சாலையில் நல்ல பனிமூட்டமாம். சைக்கிளில் வந்த ஒரு ஆளைத் தன் வேன் இடித்துவிட்டதாம். நிறுத்தாமல் வந்துவிட்டானாம். அந்த ஆள் சாகவில்லை, ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார் என்று பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொண்டானாம்.

போலீசுக்குப் போ என்றாள் ஒர்சோலா. போகிறேன் அம்மா, கொஞ்சம் பொறு, நீவெஸை நினைத்துப் பார் என்றான் அவன்.

நீவெஸ் அவன் மனைவி. இரண்டு முறை கரு கலைந்து, மூன்றாவதாக நின்றிருக்கிறது. இப்போது ஏழாம் மாதம்.

ஆகவே ஒர்சோலா பொறுத்திருந்தாள். தெருவில் சைரன் கேட்டால் ஜன்னலுக்குப் போகாமல் சமையலறைக்குப் போனாள். குறிச்சீட்டு பார்க்க வந்தவர்களிடம் தொண்டை கட்டியிருக்கிறது, அடுத்த வாரம் வாருங்கள் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினாள்.

இத்தாலியின் டூரின் நகரத்தில் டாரட் என்கிற குறிச்சீட்டு பார்க்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. இருந்தாலும் போர்த்தா பலாஸ்ஸோ சந்தைக்குப் பின்னாலுள்ள தெருக்களில் ஒர்சோலா என்றால் தனி மரியாதை. டிராம் ஓட்டுநராக இருந்த கணவர் இறந்தபின் இந்தத் தொழிலுக்கு வந்தவள். கல்யாணம், வழக்கு, வெளிநாட்டுக்குப் போய்த் தகவல் இல்லாத பிள்ளை, காணாமல் போன நாய், எல்லாவற்றுக்கும் அவளிடம் வருவார்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லமாட்டாள், தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டமாட்டாள் என்ற பெயர் அவளுக்கு இருந்தது. அந்தப் பெயரை அவளும் பெரிதாக மதித்தாள்.

வியாழக்கிழமை காலை மணி அடித்தது. கதவைத் திறந்தால் முன்பின் தெரியாத பெண் ஒருத்தி நின்றாள். ஐம்பது வயது தாண்டியிருக்கும். தலைமுடி ஒரு பக்கம் படிந்தும் ஒரு பக்கம் கலைந்தும் இருந்தது. நாற்காலியில் சாய்ந்தபடியே பல இரவுகள் தூங்கியவளின் தலை.

"மீன் கடை ரெனாத்தா அனுப்பினாங்க, சிஞோரா. என் பேரு பியெரா. சொல்லாம கொள்ளாம வந்துட்டேன், கோச்சுக்காதீங்க."

தொண்டை கட்டியிருக்கிறது என்று ஒர்சோலா ஆரம்பிப்பதற்குள் அவள் உள்ளே வந்து, கழுத்துத் துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பள்ளிக்கூடம் ஒன்றில் சமையல் வேலையாம். கணவர் பெயர் ஆல்தோ. அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"ஆஸ்பத்திரியில கிடக்கார். சைக்கிள்ல வரும்போது யாரோ இடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டாங்க. டோரா கரையில."

ஒர்சோலா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்கு முடியாது, வேறு யாரையாவது பாருங்கள் என்ற வார்த்தைகள் வாய்வரை வந்தன. சொல்லியிருந்தால் அந்த நாள் வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் பியெரா இரண்டு கைகளையும் மேஜைமேல் விரித்து வைத்து, டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கைகளைப் பார்த்தபின் ஒர்சோலாவால் சொல்ல முடியவில்லை.

சீட்டுக் கட்டை எடுத்துக் கலைத்தாள். வழக்கமாக ஐந்து சீட்டு விரிப்பவள், ஒன்றே ஒன்று எடுங்கள் என்றாள். ஐந்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

பியெரா எடுத்துத் திருப்பினாள். கிளை வெட்டிய இரண்டு மரங்கள். அவற்றின்மேல் குறுக்காக ஒரு கட்டை. கட்டையிலிருந்து ஒற்றைக் காலில் தலைகீழாய்த் தொங்குகிற ஒரு ஆள்.

பியெரா கையை இழுத்துக்கொண்டாள்.

"தூக்குல போட்டிருக்காங்களே."

"கழுத்தப் பாருங்க. கயிறு இருக்கா? கால்லதான் கட்டியிருக்கு. இவன் சாகல, பியெரா. முகத்தப் பாருங்க. வலியில துடிக்கிறவன் முகமா அது?"

பியெரா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"எங்க ஆல்தோ காலும் இப்படித்தான் இருக்கு" என்றாள். "கட்டுப் போட்டு, கம்பியில மாட்டி மேல தூக்கி வச்சிருக்காங்க. முகமும் இதேதான். தூங்கறவர் மாதிரி."

ஒர்சோலாவுக்குச் சற்று மூச்சு வந்தது. சீட்டே ஒரு வழி காட்டிவிட்டதுபோல் இருந்தது. அவள் பேச ஆரம்பித்தாள். இது காத்திருப்பின் சீட்டு. இந்த ஆளால் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. திமிறினால் முடிச்சு இறுகும். அதனால் திமிறாமல் தன்னை ஒப்புக்கொடுத்துவிட்டான். தலைகீழாய்த் தொங்கும்போது பையில் இருப்பதெல்லாம் தானாகக் கீழே விழுந்துவிடும்; விழட்டும் என்று விட்டுவிடுகிறவனுக்குத்தான் இந்தச் சீட்டு நல்லது செய்யும். வேறொன்று கிடைப்பதற்காக இருப்பதைக் கொடுக்கிற சீட்டு இது. டாக்டர்களும் பொறுத்திருக்கத்தானே சொன்னார்கள், நீங்களும் பொறுத்திருங்கள் என்றாள்.

சொன்னதில் பொய் எதுவும் இல்லை. இத்தனை வருஷமாக எத்தனையோ பேருக்கு இதையேதான் சொல்லியிருக்கிறாள். ஆனால் இன்று, பொறுத்திருங்கள் என்று சொல்லும்போது யாருக்கு அதனால் லாபம் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. இந்தப் பெண் பொறுத்திருக்கும் ஒவ்வொரு நாளும் எலியோவுக்குக் கிடைக்கிற நாள்.

"என் மாமியார் இந்தச் சீட்டைத் துரோகின்னு சொல்லுவாங்க" என்றாள் பியெரா.

ஒர்சோலாவுக்கும் தெரியும். அந்த நாட்டில் பழைய காலத்தில் துரோகம் செய்துவிட்டு ஓடியவனை இப்படித் தலைகீழாகத் தொங்குவதுபோல் ஊர்ச் சுவரில் வரைந்து வைப்பார்கள். ஆள் கையில் கிடைக்காவிட்டாலும் படம் நிற்கும். போகிறவர் வருகிறவர் பார்ப்பார்கள். வயதானவர்கள் சிலர் இன்றும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

"அப்படின்னா இது ஆல்தோ இல்லியோ என்னமோ. அவரை இடிச்ச ஆளோ."

"ஒரே சீட்டு ரெண்டு பேரையும் காட்டலாம்" என்றாள் ஒர்சோலா. காலையிலிருந்து அவள் தன் நன்மையைக் கருதாமல் சொன்னது அது ஒன்றுதான்.

பியெரா கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தாள். மச்சினன் தினமும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சண்டை போடுகிறானாம். இடித்தவனைப் பிடித்து உள்ளே தள்ளாமல் விடமாட்டேன் என்கிறானாம். அதெல்லாம் தனக்கு வேண்டாம் என்றாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும், சிஞோரா. விழுந்தப்போ அவர் ஏதாவது பேசினாரா? அவரு விழுந்து ரொம்ப நேரம் கழிச்சுத்தான் யாரோ பாத்திருக்காங்க. அந்த நேரமெல்லாம் நான் சூப்பைத் திருப்பித் திருப்பிச் சுட வச்சுக்கிட்டு, எங்க போய்த் தொலைஞ்சார்னு அவரைத் திட்டிக்கிட்டு இருந்தேன். கடைசியா அவர் வாயில என்ன வந்துச்சுன்னு தெரிஞ்சவன் உலகத்துல ஒருத்தன்தான். அவன் வந்து அதைச் சொல்லிட்டுப் போகட்டும்."

காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள் ஒர்சோலா. ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் ஆகிவிட்டது என்று பியெரா கிளம்பினாள். படியிறங்கும்போது திரும்பி, "பொறுத்திருக்கச் சொல்றீங்க. இருக்கேன்" என்றாள்.

*

எலியோவின் பட்டறை சந்தையைத் தாண்டி, ஒரு பழைய கட்டடத்தின் முற்றத்தில் இருந்தது. உடைந்த அலமாரி, நாற்காலி, கட்டில் என்று வாங்கிச் சரிசெய்து சனிக்கிழமை பழைய சாமான் சந்தையில் விற்பான். முற்றத்தில் வேன் நிற்கும் இடம் காலியாக இருந்தது. ஊருக்கு வெளியே நண்பன் ஒருவனின் கொட்டகையில் அதை விட்டிருந்தான்.

ஒர்சோலா போனபோது அவன் ஒரு பெட்டியின் பழைய ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் ஒரு கையை இடுப்பில் வைத்து மெல்ல நிமிர்ந்தான். போன வாரம் பிடித்த முதுகுப் பிடிப்பு இன்னும் விடவில்லை.

பியெரா வந்ததை அவள் சொன்னாள். எங்கே வந்தாள், எதற்கு வந்தாள், உனக்குத் தெரியும் என்று கண்டுபிடித்தாளா என்றெல்லாம் அவன் கேட்பான் என்று நினைத்திருந்தாள். அவன் கேட்டது வேறு.

"எப்படி இருக்காங்க?"

"தலை பாதிதான் சீவியிருக்கு."

எலியோ கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தான்.

"அந்த ஆளு விழுந்தப்போ ஏதாவது பேசினாரான்னு அவளுக்குத் தெரியணுமாம்" என்றாள் ஒர்சோலா. "பேசினாரா?"

பிடுங்கிய ஆணிகளைக் கையால் ஒரு ஓரமாகத் தள்ளினான்.

"இல்ல. ஒண்ணும் பேசல. சும்மாத்தான் கிடந்தார்."

"நிறுத்தவே இல்லன்னு சொன்னியே."

"கண்ணாடியில பாத்தேன்."

பனிமூட்டத்தில், இருட்டில், கண்ணாடியில். அது ஒர்சோலாவின் மனத்தில் ஒரு கணம் நெருடியது. ஆனால் மகன் அடுத்துச் சொன்னதில் அது அடித்துக்கொண்டு போய்விட்டது. இன்று மதியம் போலீசுக்குப் போகப் போகிறானாம். காலையிலேயே முடிவு செய்துவிட்டானாம். தெரிந்த வக்கீல் ஒருவரிடம் பேசியிருக்கிறான். தானாகப் போய் ஒப்புக்கொண்டால் தண்டனையில் அதற்கு ஒரு மதிப்பு உண்டு என்று அவர் சொல்லியிருக்கிறார்.

சொல்லிக்கொண்டே தின்னர் நனைத்த துணியால் கையைத் துடைத்தான். பிறகு சோப்புப் போட்டுக் கழுவினான். சுவரில் மாட்டியிருந்த சலவைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். எல்லாம் நிதானமாக இருந்தது. முகத்தில் ஒரு அமைதி. காலையில் மேஜைமேல் சீட்டில் பார்த்த முகம் அது என்று ஒர்சோலாவுக்குத் தோன்றியது.

துரோகி என்று பியெராவின் மாமியார் சொல்லியிருக்கலாம். என் பிள்ளை துரோகி இல்லை, தானாகவே போய்த் தன்னை ஒப்புக்கொடுக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். துக்கத்துக்குள்ளே ஒரு சிறிய பெருமையும் இருந்தது. அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். உடன் வருகிறேன் என்றாள். அவன் வேண்டாம் என்றான்.

"நீ ஒண்ணு மட்டும் செய். நீவெஸ் இன்னிக்கு உன் வீட்டுக்கு வருவா. சாயங்காலம் வரைக்கும் அங்கயே வச்சுக்கோ. நான் போறது அவளுக்குத் தெரிய வேண்டாம்."

"அவகிட்ட சொல்லலியா?"

"அடுத்த வாரம்னு சொல்லியிருக்கேன். அம்மா, அவ ஏதாவது சொன்னாக்கூட நீ நம்பாத. பயத்துல ஏதேதோ பேசறா."

ஒர்சோலா சந்தை வழியாகத் திரும்பி வந்தாள். கடைகளைக் கட்டும் நேரம். தரையெல்லாம் கோஸ் இலையும் நசுங்கிய தக்காளியும் கிடந்தன. நீவெஸுக்காகக் கொஞ்சம் மாட்டெலும்பும் செலரிக் கீரையும் வாங்கினாள். ரெனாத்தா மீன் கடையிலிருந்து கையைத் தூக்கி, அந்தப் பெண் வந்தாளா என்று சைகையில் கேட்டாள். வந்தாள் என்று ஒர்சோலா தலையை ஆட்டிவிட்டு நிற்காமல் நடந்தாள்.

*

நீவெஸ் சொந்தச் சாவியால் திறந்து உள்ளே வந்து உட்கார்ந்திருந்தாள். பனிமலை அடிவார ஊரிலிருந்து வந்தவள். அதிகம் பேசமாட்டாள். ரொட்டிக் கடையில் வேலை செய்தாள். இப்போது பிரசவ விடுப்பு. மாமியாரும் மருமகளும் சண்டை போட்டதில்லை, ஒட்டிக்கொண்டதும் இல்லை. வந்த நாளிலிருந்து ஒர்சோலா என்று பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். அதில் மரியாதைக் குறைவும் இல்லை.

மேஜையில் காலையில் எடுத்த சீட்டு அப்படியே கிடந்தது. நீவெஸ் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒர்சோலா எலும்பை அடுப்பில் போட்டாள். ஒன்றும் சொல்லக்கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் அந்த வீட்டில் அவர்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேச வேறு எந்த விஷயமும் இல்லாமல் போய்விட்டிருந்தது. காலையில் யாருக்கு இந்தச் சீட்டு வந்தது என்று நீவெஸ் கேட்டபோது, சொல்லிவிட்டாள். ஆல்தோவின் மனைவி வந்ததை, அவள் கேட்ட கேள்வியை, திரும்பத் திரும்பச் சுட வைத்த சூப்பை.

நீவெஸ் வயிற்றின்மேல் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது.

"விளக்கை அணைக்கச் சொன்னார்" என்றாள் நீவெஸ்.

ஒர்சோலாவுக்குப் புரியவில்லை.

"வேன் விளக்கு. நேரா அவர் கண்ணுல அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. 'சிஞோரா, அந்த விளக்கைக் கொஞ்சம் அணைங்க, கண்ணு கூசுது'ன்னார். கோவமா இல்ல, ரொம்ப மரியாதையா. நான் போய் அணைச்சேன்."

பிறகு அவள் நிறுத்தாமல் சொன்னாள். அன்று எலியோ முதுகுப் பிடிப்போடு படுக்கையில் இருந்தான். ஒரு நாற்காலியை அன்றே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. நான் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அவள்தான் வேனை எடுத்தாள். திரும்பும்போது பனிமூட்டம் இறங்கிவிட்டது. இடித்ததும் ஸ்டீயரிங் வயிற்றில் அழுந்தியது. இறங்கி ஓடினாள். விளக்கு எரிந்தவரை எதிரே ஒரு மனிதர் இருந்தார். அணைத்தபின் இருட்டில் ஒரு மூச்சுச் சத்தம் மட்டும் இருந்தது.

"அப்புறம் 'பியெரா'ன்னு கூப்பிட்டார். அது யாருன்னு எனக்குத் தெரியல. என்னைத்தான் அப்படிக் கூப்பிடறார்னு நினைச்சேன். அப்போதான் வயித்துல ஒரு பக்கமா இழுத்துப் பிடிச்சுது. இதுவும் போயிடுச்சுன்னு நினைச்சுட்டேன், ஒர்சோலா. வண்டியில ஏறினேன். வீட்டுக்கு வந்து, ரத்தம் இல்லன்னு பாத்த அப்புறம்தான் அவரு ஞாபகம் வந்துச்சு."

உடனே ஆம்புலன்சுக்குப் போன் செய்யப் போனாளாம். அதற்குள் தெருவில் சைரன் கேட்டது, யாரோ பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தது. கட்டிலில் அசைய முடியாமல் கிடந்த எலியோ அவள் கையிலிருந்து போனை வாங்கி வைத்துவிட்டு, நீ எங்கேயும் போகவில்லை, வேனை எடுத்தது நான் என்று சொன்னானாம்.

செவ்வாய்க்கிழமை. ஒர்சோலாவே அன்று மதியம் மகனுக்குச் சூப் கொண்டுபோய் ஊட்டாத குறையாகக் கொடுத்துவிட்டு வந்தாள். புரண்டு படுக்கக்கூட முடியாமல் கிடந்தான். அது அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவன் சொன்னபோது அதை நினைத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. பெற்ற பிள்ளை, நான் குற்றம் செய்தேன் என்று சொல்லும்போது எந்தத் தாய் கிழமையைச் சரிபார்ப்பாள்?

முதலில் வந்தது கோபம்தான். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"இந்நேரம் அவன் அங்க உக்காந்து கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருப்பான்."

"இன்னிக்கா?" நீவெஸ் நிமிர்ந்தாள். "அடுத்த வாரம்னுதானே சொன்னார்."

"இன்னிக்குத்தான். உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போனான்."

நீவெஸின் முகம் வெளுத்தது. அழவில்லை. சீட்டைத் தன் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தாள். பிறகு மறுபடி தலைகீழாக்கினாள்.

"நான் அவரைக் கேக்கல. அவராத்தான் சொன்னார். ஆனா நான் வேண்டாம்னு சொல்லல. ஒரு தடவைகூடச் சொல்லல." அவள் குரல் தாழ்ந்தது. "இந்தச் சீட்டுக்குத் தியாகம்னு அர்த்தம் சொல்வீங்க இல்ல? அவர் செய்யறது அதுதானே? அப்போ இதுல நான் யாரு?"

ஒர்சோலா எதிரே உட்கார்ந்தாள். எத்தனையோ பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் சொல்ல ஏதாவது இருந்திருக்கிறது.

"எனக்குத் தெரியல" என்றாள்.

படத்தைத் தானும் பார்த்தாள். இரண்டு மரம், ஒரு கட்டை, ஒரு ஆள். எவ்வளவு காலமாகப் பார்க்கிற படம்.

"அவன் தானாத்தான் தொங்கறான்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். அதனாலதான் முகத்துல அமைதின்னு. ஆனா தானா தொங்கறவனும் தானா இறங்க முடியாது, நீவெஸ். யாராவது வந்து அவிழ்க்கணும். இந்தப் படத்துல அக்கம்பக்கம் ஒரு ஆளு இல்ல."

நீவெஸ் அவளைப் பார்த்தாள். "போகச் சொல்றீங்களா?"

"சொல்லல. போன்னு சொன்னா அது என் பிள்ளைக்காகச் சொன்னதா இருக்கும். இருன்னு சொன்னா உன் வயித்துல இருக்கறதுக்காகச் சொன்னதா இருக்கும். உனக்காகன்னு சொல்ல எனக்கு ஒண்ணும் வரல. காலையில அந்தப் பொம்பளைகிட்ட பொறுத்திருன்னு சொன்னேனே, அது எனக்காகச் சொன்னது. இன்னொரு தடவை அப்படிச் சொல்லமாட்டேன்."

நீவெஸ் கொஞ்சம் சூப் கேட்டாள். எலும்பு இன்னும் சரியாக வேகவில்லை. இருந்ததை ஒர்சோலா ஒரு கிண்ணத்தில் ஊற்றி, பழைய ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக் கொடுத்தாள். குழந்தைக்குப் பசிக்கிறது என்று மன்னிப்புக் கேட்பதுபோல் சொல்லிவிட்டு, நீவெஸ் அதை முழுதும் குடித்தாள். பிறகு எழுந்து கோட்டை எடுத்தாள்.

ஷூவைப் போட்டுக்கொண்டாள். நாடாவைக் கட்டக் குனிய முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து முயன்றாள், அப்போதும் எட்டவில்லை. ஒர்சோலா தரையில் முழங்காலை ஊன்றி இரண்டு ஷூவுக்கும் நாடா கட்டிவிட்டாள். பாதம் வீங்கியிருந்ததால் இறுக்காமல் கட்டினாள்.

டிராமில் கூட்டம். ஒரு மாணவன் எழுந்து நீவெஸுக்கு இடம் கொடுத்தான். அவள் நன்றி சொல்லி உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தில் கடை விளக்குகள் மங்கலாகப் போய்க்கொண்டிருந்தன. இரண்டு நிறுத்தம் தாண்டியதும் அவள், அங்கே பிரசவம் பார்ப்பார்களா என்று கேட்டாள். எங்கே என்று ஒர்சோலா கேட்கவில்லை. பார்ப்பார்கள், நானும் இருப்பேன் என்றாள். அவளுக்கு ஜெயில் சட்டம் ஒன்றும் தெரியாது. இருப்பேன் என்பது மட்டும் தெரியும்.

போலீஸ் ஸ்டேஷன் ஒரு சின்னக் கட்டடம். நீண்ட நடையின் ஒரு பக்கம் பெஞ்சு, மறுபக்கம் கண்ணாடி வைத்த அறைகள். மூன்றாவது அறையில் எலியோ உட்கார்ந்திருந்தான். எதிரே ஒரு அதிகாரி தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அந்தச் சலவைச் சட்டை பின்னால் கசங்கியிருந்தது.

அவன் திரும்பினான். கண்ணாடி வழியாக முதலில் மனைவியைப் பார்த்தான், பிறகு தாயைப் பார்த்தான். காலையிலிருந்து முகத்தில் இருந்த அமைதி கலைந்துவிட்டது. அதிகாரிக்குத் தெரியாதபடி, மெதுவாக, வேண்டாம் என்று தலையை ஆட்டினான். மறுபடியும் ஆட்டினான்.

நீவெஸ் கோட்டைக் கழற்றி ஒர்சோலாவின் கையில் கொடுத்தாள். கதவைத் தட்டிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனாள்.

ஒர்சோலா பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே பேசுவது கேட்கவில்லை. எலியோ எழுந்து நிற்பது தெரிந்தது. அதிகாரி கையைக் காட்டி அவனை உட்கார வைத்தார். இன்னொரு அதிகாரி வந்தார். நீவெஸுக்கு நாற்காலி போட்டார்கள். உள்ளே போய் ஏதாவது சொல்ல வேண்டும்போல் ஒர்சோலாவுக்கு இருந்தது. மகனுக்காகச் சொல்வதா, மருமகளுக்காகச் சொல்வதா? மடியிலிருந்த கோட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்தாள்.

வாசல் கதவு திறந்து குளிர் உள்ளே வந்தது. கூடவே பியெரா வந்தாள். இங்கும் அங்கும் பார்த்தவள் ஒர்சோலாவைக் கண்டதும் நேராக அவளிடம் வந்தாள்.

"சிஞோரா, நீங்க எங்க இங்க? போன் பண்ணாங்க. தானாவே வந்துட்டானாம். நீங்க சொன்ன மாதிரியே. பொறுத்திருன்னீங்க, ஒரு நாள்கூட முடியல, வந்துட்டான்."

பக்கத்தில் உட்கார்ந்து ஒர்சோலாவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். பியெராவின் கைகள் சில்லென்று இருந்தன. ஆல்தோவுக்கு இன்று எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் ஒர்சோலா வாயைத் திறந்தாள். அப்படியே, என்று பியெரா அவள் கேட்காமலேயே சொன்னாள். அப்படியேதான் இருக்கார்.

"பியெரா" என்றாள் ஒர்சோலா. "உள்ள இருக்கறது என் பிள்ளைங்க. ரெண்டு பேரும்."

பியெரா கண்ணாடிக்கு அப்பால் பார்த்தாள். கசங்கிய சட்டையைப் பார்த்தாள். அதற்குப் பக்கத்தில் வாயும் வயிறுமாக உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தாள். அவள் கைகள் ஒர்சோலாவின் கையைச் சுற்றி அப்படியே இருந்தன. பிடித்திருக்கிறாளா, எடுக்க மறந்துவிட்டாளா என்று சொல்ல முடியவில்லை. ஒர்சோலா தன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது அறையின் கதவு திறந்து, அதிகாரி எட்டிப் பார்த்தார்.

"ஆல்தோவோட மனைவி நீங்கதானே? உங்க புருஷன் சொன்ன வார்த்தையை முதல்ல உங்ககிட்டதான் சொல்லுவேன், அப்புறம்தான் எழுதிக் கொடுப்பேன்னு இந்தப் பொண்ணு உக்காந்திருக்கா. நீங்க வரணும்னு கட்டாயம் இல்ல."

பியெரா எழுந்தாள்.